ஊர்ப் பொதுப் பணிகளை ஊராரே கண்காணித்தல்

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அன்று கல்கத்தா என வழங்கிய நகரிலுள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில், தோல் நோய் மருத்துவராகிய டாக்டர் கே. சி. சாஹா, 24 பர்கானா ஜில்லாவின் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நோயாளியைப் பரிசோதித்து, அவரைப் பீடித்திருப்பது ஆர்செனிக் நஞ்சு என்று கண்டார். அந்நோயின் அடையாளங்கள் இன்று வங்காள மருத்துவர் அனைவருக்கும் தெரிந்தவை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாகக் காய்த்துப் போகும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். ஆண்டுகள் பல சென்றபின் புற்றுநோயும் வரக்கூடும். கிராமங்களில் இதனைக் குஷ்டம் என்று கருதி நோயாளியை ஒதுக்கி வைத்ததும் உண்டு. அந்நஞ்சு எங்கிருந்து வந்தது? ஊரார் நாள்தோறும் குடித்து வந்த குழாய்க் கிணற்று நீரிலிருந்துதான் வந்தது.

இதில் வருந்தத்தக்க முரண் ஒன்று உள்ளது. வங்காளத்துக் கிராமத்தார் முன்னர்க் குளத்து நீரைக் குடித்து வந்தனர். காலராவும் வயிற்றுப்போக்கும் அவர்களுடைய குழந்தைகளை வாரிச் சென்றன. அதனைத் தடுக்கவே அரசாங்கமும் சர்வதேச நிறுவனங்களும் குழாய்க் கிணறுகளை, அதாவது நம் தமிழ் நாட்டார் அடிபம்பு என்று கூறும் கிணறுகளை, ஊர்தோறும் இறக்கின. கிருமியற்ற நீர் கிடைத்தது. குழந்தைகள் பலர் பிழைத்தனர். ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக் கொணர்ந்து படியவைத்த வண்டலில், இரும்பு ஆக்ஸைடுத் துகள்களுடன் ஒட்டிய நிலையில் ஆர்செனிக் இருந்தது. பிராண வாயு இல்லாத ஆழத்தில், மக்கிய தாவரப் பொருள்களின் துணையுடன் அவ்விரும்பு ஆக்ஸைடு கரையும்போது, அதனுடன் ஆர்செனிக்கும் நீரில் கலக்கின்றது. ஏறத்தாழ 20 முதல் 100 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் இத்தகைய நீர் மிகுதி. கிராமத்துக் கிணறுகள் எட்டியதும் அந்த ஆழத்தைத்தான்.

பொதுப் பணிகளைப் பற்றிய பாடம் ஒன்றை ஆர்செனிக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை, குடிநீர் ஆகியவை ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று பார்ப்பது அதிகாரிகளின் வேலை மட்டுமன்று. அவற்றைப் பயன்படுத்தும் மக்களே பார்க்க வேண்டும் என்னும் கருத்து கடந்த முப்பது ஆண்டுகளாக வளரும் நாடுகளில் வேரூன்றி வருகின்றது. உலக வங்கி முதல் ஊர்ப் பஞ்சாயத்து வரை எல்லோரும் இதனைச் சொல்கின்றனர். சொல்வது எளிது, ஆனால் ஊரார் எதைப் பார்க்க முடியும்? பார்த்தபின் என்ன செய்ய முடியும்? இவ்விரு வினாக்களையும் பிரித்து வைத்து ஆராய, ஆர்செனிக்கைப் போல் உதவும் வேறு பொருள் இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரைக் காய்ச்சினாலும் அது போகாது; ஆவியான நீரின் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும்.

இங்கே சொல் பற்றி ஒன்று கூற வேண்டும். "கண்காணிப்பு" என்பது நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் கூலிகளின்மேல் அதிகாரம் செலுத்தியவருக்குக் கண்காணி என்று பெயர் இருந்ததை நாம் மறந்துவிடலாகாது. மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பார்ப்பது என்ற பொருள் அச்சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. வங்காளியில் வழங்கும் "நஜர்தாரி" என்ற சொல்லிலும் இதே வாடை வீசுகின்றது. நாம் இங்கே பேசும் பொருளோ நேர் எதிரானது: பணியைப் பெறுபவர், பணி செய்பவரைப் பார்ப்பது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர்களுக்கு வேறு சொல் தேட ஆசை வருவது இயற்கை. எனினும் வழங்கும் சொல்லையே வைத்துக்கொண்டு, அதன் திசை மாறியிருப்பதை வாசகர் நினைவில் கொள்வதே நன்று.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத குறையை ஊரார் காண்பது எப்படி? அதற்குக் கருவி வேண்டும். ஆர்செனிக்கைக் காணக் கிராமங்களில் பயன்படும் பரிசோதனைப் பெட்டி 19-ஆம் நூற்றாண்டில் குட்சைட் என்பார் கண்ட முறையைத் தழுவியது. சிறு புட்டியில் அளவான நீரை ஊற்றி, அமிலமும் துத்தநாகத் தூளும் இடுவர். ஹைட்ரஜன் வாயு பொங்கும். நீரில் ஆர்செனிக் இருக்குமாயின் அது ஹைட்ரஜனுடன் சேர்ந்து ஆர்சைன் என்ற வாயுவாக மேலெழும். புட்டியின் வாயில் பாதரச புரோமைடு தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். ஆர்சைன் அதில் பட்டதும் வெண்மை மாறி மஞ்சளாகவும், மிகுதியாயின் பழுப்பாகவும் ஆகும். குறித்த நேரம் காத்திருந்து, அந்நிறத்தைப் பெட்டியுடன் வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டால், லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் ஆர்செனிக் உள்ளது என்பது தோராயமாகத் தெரியும். (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.) உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு முன்னர் 50 வரை அனுமதித்தது. இப்போது ஏற்கத்தக்க அளவு 10 என்றே கொண்டுள்ளது. ஆர்சைன் நச்சு வாயு, பாதரசமும் நஞ்சு. ஆதலால் இப்பரிசோதனையைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் செய்வதும், காகிதத்தைக் கையால் தொடாமல் இருப்பதும் இன்றியமையாதவை.

எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒருவர் சில நாள் பயிற்சியில் இதனைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இவ்விடத்தில் ஒரு விஞ்ஞான எச்சரிக்கை தேவைப்படுகின்றது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்துச் சூழலியல் ஆய்வுப் பள்ளி, தீபங்கர் சக்ரவர்த்தியின் தலைமையில் 1988 முதல் வங்காளக் கிணறுகளை ஆராய்ந்து வந்தது. மேற்கு வங்காளத்தில் இருபது ஆண்டுகளில் 1,40,150 குழாய்க் கிணறுகளின் நீரை அவர்கள் பரிசோதனைச் சாலையில் அளந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, 48.1 சதவிகிதக் கிணறுகளில் 10 மைக்ரோகிராமுக்கு மேலும், 23.8 சதவிகிதக் கிணறுகளில் 50 மைக்ரோகிராமுக்கு மேலும் ஆர்செனிக் இருந்தது. அதே குழுவினர் 2002-இல் பரிசோதனைப் பெட்டிகளையே பரிசோதித்தனர். ஏற்கனவே பெட்டியால் சோதித்து அடையாளமிட்ட 2,866 கிணறுகளின் நீரை நுட்பமான கருவியால் மீண்டும் அளந்தபோது, 50 மைக்ரோகிராமுக்கு உட்பட்ட வரிசையில் 44.9 சதவிகித அடையாளங்கள் தவறானவை என்று தெரிய வந்தது. மிகுதியான நஞ்சுள்ள கிணறுகளில் தவறு வெகுவாகக் குறைந்திருந்தது.

இதிலிருந்து பெட்டி பயனற்றது என்று முடிவு செய்வது அவசரமாகும். பிழை இரு வகைப்படும். நல்ல கிணற்றைக் கெட்டது என்பது ஒன்று. கெட்டதை நல்லது என்பது மற்றொன்று. முதலாவதால் ஒரு குடும்பத்தார் நான்கு எட்டு கூடுதலாக நடக்க நேரும். இரண்டாவதால் அவர்கள் நம்பிக்கையோடு நஞ்சைக் குடிப்பர். ஆகவே எல்லையோரத்தில் நிற்கும் கிணறுகளின் நீரைப் பெட்டியோடு விட்டுவிடாமல் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். ஊராரின் அளவை விஞ்ஞானியின் அளவோடு கோத்துக் கட்டாத கண்காணிப்பு, பொய்யான துணிவைத் தந்துவிடக்கூடும்.

இனி இரண்டாவது வினா. அறிந்தபின் என்ன நடக்கின்றது? பங்களாதேசத்தில் 2000-ஆம் ஆண்டுக்கும் 2003-ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் குழாய்க் கிணறுகள் பெட்டியால் சோதிக்கப்பட்டன. வரம்பு மீறியவற்றுக்குச் சிவப்பும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினர். டாக்காவுக்கு அருகேயுள்ள அராய்ஹஜார் பகுதியில் நடந்த ஆராய்ச்சியில், தம் கிணறு தீயது என்று அறிவிக்கப்பட்ட குடும்பங்களில் ஏறத்தாழ 60 சதவிகிதத்தினர் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறிவிட்டனர். எந்தச் சட்டமும் இல்லை, தண்டனையும் இல்லை, ஒரு செய்தி மட்டுமே. அருகருகேயுள்ள இரு கிணறுகளில் ஒன்று நஞ்சாகவும் மற்றொன்று நன்றாகவும் இருப்பது வங்காள வண்டல் நிலத்தின் இயல்பு. ஆதலால் மாறிச் செல்ல இடம் இருந்தது.

இந்த வெற்றியைக் கூர்ந்து நோக்க வேண்டும். மக்கள் யாரிடமும் முறையிடவில்லை. அறிந்ததன் பயனை அடைவதற்கு வேண்டிய பரிகாரம் அவர்கள் கையிலேயே இருந்தது: குடத்தை வேறு பம்புக்குத் தூக்கிச் சென்றால் போதும். எஞ்சிய 40 சதவிகிதத்தினருக்கோ பக்கத்தில் நல்ல கிணறு இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது அது வேறொருவர் முற்றத்தில் இருந்திருக்கலாம். அவர்களுக்கு ஆழ்குழாய்க் கிணறு வேண்டும், அல்லது நஞ்சை நீக்கும் கருவி வேண்டும். அவற்றைத் தர வேண்டியது ஓர் அலுவலகம். கண்காணிப்பின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகின்றது.

கொல்கத்தாவின் தெற்கேயுள்ள பாருய்பூரில் பல உற்பத்தியாளர்களின் ஆர்செனிக் நீக்கும் கருவிகளை நிறுவி, இரண்டு ஆண்டுகள் அவற்றின் நீரை அளந்து பார்த்தனர். முடிவு 2005-இல் வெளியாயிற்று. அவற்றுள் எதுவும் எப்பொழுதும் 10 மைக்ரோகிராமுக்குள் நீரை வைத்திருக்க இயலவில்லை. கருவி அடைத்துக்கொள்ளும், மணல் வரும், பின் கழுவுவார் இல்லை. மறுபுறம், ஹூக்ளி நதிக்கு அக்கரையிலுள்ள சிப்பூரின் வங்காள எஞ்சினியரிங் கல்லூரியும், அமெரிக்காவின் லீஹை பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும் 1997 முதல் கிணற்றடியிலேயே பொருத்தும் கருவிகளை நிறுவி வந்தனர். அடிபம்பின் நீர், செயலூட்டிய அலுமினா நிரம்பிய உருளையின் வழியே இறங்கும். ஆர்செனிக் அலுமினாவில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் ஊரார் அடங்கிய நீர்க்குழு ஒன்று உண்டு. அது குடும்பங்களிடம் மாதந்தோறும் சிறு தொகை வசூலித்துப் பராமரிப்புச் செலவை ஏற்கும். அமெரிக்கப் பொறியியல் அகாதமி 2007-இல் அளித்த கிரெயிஞ்சர் பரிசுகளுள் இரண்டாவது இக்குழுவுக்குக் கிடைத்தது. ஒன்று தோல்வி, மற்றொன்று வெற்றி என இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட முடியாது. இரண்டாவதிலும் பழுதுகள் உண்டு. எனினும் வேறுபாடு ஒன்று தெளிவு. நீர்க்குழு குறையைக் கண்டால் அதனைச் சரிசெய்யும் பணம் குழுவின் பெட்டியிலேயே இருந்தது.

நீரை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இங்கே கருவி தேவையில்லை. ஆசிரியர் வந்தாரா இல்லையா என்பது ஊரிலுள்ள சிறுவனுக்கும் தெரியும். அமர்த்தியா சென் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைக் கொண்டு 1999-இல் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை, வீர்பூம், மேதினிபூர், புருலியா முதலிய ஜில்லாக்களில் தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிட்டு 2002-இல் அறிக்கை வெளியிட்டது. ஆசிரியர்கள் வராமை, ஏழைச் சாதியினரின் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் அது மிகுதியாயிருத்தல், தனிப் பாடம் எனப்படும் டியூஷன் பரவியிருத்தல் ஆகியவை அதில் வெளிப்பட்டன. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் டியூஷன் இல்லாமல் படித்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தம் பெயரையும் எழுத அறியாமல் இருந்தனர் என்பது படித்தவர்களை உலுக்கிய செய்தி. அறக்கட்டளையினர் ஆசிரியர் சங்கங்களைப் பகைக்காமல் அவர்களையும் அழைத்துப் பேசினர். தாய்மாரும் ஆசிரியரும் அடங்கிய குழுக்களுக்கு அதிகாரம் தர வேண்டும் என்றனர்.

2009-இல் அவர்களே திரும்பச் சென்று பார்த்தபோது பல நன்மைகள் தெரிந்தன. வருகை கூடியிருந்தது, மதிய உணவு நடைபெற்றது. ஆனால் டியூஷனை நம்பியிருந்த குழந்தைகள் தொடக்கப் பள்ளிகளில் 57 சதவிகிதத்திலிருந்து 64 சதவிகிதமாகவும், சிசு சிக்ஷா கேந்திரங்கள் என்னும் எளிய பள்ளிகளில் 24 சதவிகிதத்திலிருந்து 58 சதவிகிதமாகவும் பெருகியிருந்தனர். இதுவும் குடத்தை வேறு பம்புக்குத் தூக்கிச் செல்வது போன்றதே. பெற்றோர் குறையைக் கண்டனர்; தம் கையில் இருந்த பரிகாரத்தைச் செய்தனர். ஆனால் நல்ல கிணற்று நீர் இலவசம், டியூஷன் இலவசமன்று. கூலிக்காரரின் குழந்தை பழைய பள்ளியிலேயே நின்றுவிடும். வாய் திறந்து கேட்கக்கூடிய பெற்றோருக்குப் பள்ளிக்கூடத்தோடு கவலை விட்டது. கவலையுள்ளவருக்குக் குரல் இல்லை. பொதுப் பணி ஒன்றிலிருந்து வசதியுள்ளவர்கள் விலகும்போது அதனைக் கண்காணிப்பவர்களும் விலகிவிடுகின்றனர் என்பதை நம் திட்டக்காரர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர் ஜில்லாவில் 280 கிராமங்களில் நடந்த சோதனை இதற்கு மேலும் ஒளி தருகின்றது. ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அபிஜித் பானர்ஜி. கொல்கத்தாவில் வளர்ந்து, பிரெசிடென்சிக் கல்லூரியில் பயின்று, 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அங்குக் கிராமக் கல்விக் குழு என்ற ஒன்று சட்டப்படி இருந்தது. பெற்றோரில் பெரும்பாலோர் அதனை அறியார். உறுப்பினருள்ளும் தாம் உறுப்பினர் என்பதை அறியாதவர் இருந்தனர். சில கிராமங்களில் கூட்டம் கூட்டிக் குழுவின் உரிமைகளை விளக்கினர். வேறு சிலவற்றில் குழந்தைகளின் வாசிப்புத் திறனை ஊராரே சோதித்து அறியக் கற்றுக் கொடுத்தனர். பள்ளியில் எந்த மாறுதலும் நேரவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு, ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்து, மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தனர். அவ்வகுப்புக்கு வந்த குழந்தைகள் வாசிக்கக் கற்றனர். ஊரார் அக்கறை அற்றவர்கள் அல்லர். தாமே செய்யக்கூடியதைச் செய்தனர், அரசுப் பள்ளியை அசைப்பதற்கு மட்டும் முன்வரவில்லை.

இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலார் 608 கிராமங்களில் சாலைப் பணியை ஆராய்ந்தார். சாலை முடிந்ததும் எஞ்சினியர்கள் அதனைத் தோண்டி மாதிரி எடுத்து, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போடப்பட்டன என்று கணக்கிட்டனர். கணக்குப் புத்தகத்துக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடே களவு போனது. அரசுத் தணிக்கை நிச்சயம் என்று முன்னரே அறிவித்த இடங்களில் களவு ஏறத்தாழ 8 சதவிகிதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கானவர்களை அழைத்த இடங்களில் சராசரியாகப் பெரும் பயன் இல்லை. ஆனால் நுட்பமான வேறுபாடு ஒன்று கண்டனர்: கூலியில் நடந்த களவு குறைந்தது, பொருள்களில் நடந்தது குறையவில்லை. தன் கூலி எவ்வளவு என்பது உழைத்தவனுக்குத் தெரியும். சாலைக்கடியில் எத்தனை அங்குலம் கல் என்பது தோண்டினால்தானே தெரியும்!

ராஜஸ்தானத்து உதய்பூரில் செவிலியரின் வருகையைச் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் பதிவு செய்து, ஜில்லா நிர்வாகத்துக்கு அனுப்பி வந்தது. வராதவரின் சம்பளம் பிடிக்கப்படும் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. முதல் ஆறு மாதங்கள் வருகை நன்கு உயர்ந்தது. பின்னர் நிர்வாகமே "விலக்கு அளிக்கப்பட்ட நாள்" என்ற பெயரில் வராமையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்கே வந்தது. பதிவு செய்தவர்கள் கடைசிவரை ஒழுங்காகப் பதிவு செய்தனர் என்பதுதான் இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. அதே உதய்பூரில், அதே நிறுவனத்தின் சிறு பள்ளிகளில், நேரம் பதியும் காமிராவும், வந்த நாளுக்கேற்ற சம்பளமும் சேர்ந்தபோது ஆசிரியர் வராமை 42 சதவிகிதத்திலிருந்து 21 சதவிகிதமாகக் குறைந்தது. அங்கே சம்பளம் கொடுப்பவரும் பதிவைப் படிப்பவரும் ஒருவரே.

உகாண்டாவைச் சொல்லாமல் விடுவதற்கில்லை, ஏனெனில் இத்துறையின் புகழ் பெரிதும் அந்நாட்டால் வந்தது. 50 மருந்தகங்களில் நடந்த சோதனையில், ஊராரும் மருந்தகப் பணியாளரும் கூடி அறிக்கை அட்டையைப் பார்த்து ஒப்பந்தம் செய்துகொண்ட இடங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் 33 சதவிகிதம் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டனர். பின்னர் அதே நாட்டில் 376 மருந்தகங்களில் வேறு குழுவினர் நடத்திய பெரிய சோதனையில் அத்தகைய பயன் காணப்படவில்லை. சிறு சோதனை ஒன்றின் பெரும் பயனைக் கேட்டதும் மயங்கிவிடாமல், அது மற்றோர் இடத்தில் மீண்டும் நிகழ்கின்றதா என்று காத்திருப்பது விஞ்ஞானத்தின் வழக்கம்.

அப்படியாயின், ஊரார் குரலுக்கு அலுவலகம் விடை சொல்ல வைக்கும் வழி உண்டா? மேற்கு வங்காளத்தில் 1978-ஆம் ஆண்டு முதல் பஞ்சாயத்துத் தேர்தல்கள் தவறாமல் நடந்து வருகின்றன. ஒவ்வொரு வார்டின் வாக்காளர் அனைவரும் அடங்கிய "கிராம சன்சத்" என்ற சபை, மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் கூடிப் பஞ்சாயத்தின் கணக்கைக் கேட்க வேண்டும் என்பது அங்குச் சட்டம். பத்தில் ஒரு பங்கினர் வந்தால் போதும். நம் தமிழ் நாட்டினருக்கு இது புதிதன்று. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதி பெறார் என்ற விதி உண்டு. நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே அங்கு இடமிருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் கணக்குக் காட்டாமைக்கு இன்ன விளைவு என்பதை அவர்கள் கல்லில் வெட்டி வைத்தனர்.

யார் அந்தச் சபையில் பேசுகிறார் என்பதும் பொருட்டே. கொல்கத்தாவிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் ராகவேந்திர சட்டோபாத்யாயரும் எஸ்தர் டூஃப்லோவும் வீர்பூம் ஜில்லாவின் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். எந்தப் பஞ்சாயத்தின் தலைமை பெண்களுக்கு என்பது விதிப்படி சுழற்சி முறையில் அமைந்ததால், ஒப்பிடுவது எளிதாயிற்று. பெண் தலைவர் இருந்த பஞ்சாயத்துகளில் குடிநீருக்குச் செய்த செலவு கூடியிருந்தது. வங்காளத்துப் பெண்களின் முறையீடுகளில் குடிநீர் முதன்மையானது. தண்ணீர் சுமப்பவர் அவர்கள். தலைவரும் பெண்ணாயிருந்தபோது, பெண்கள் தம் தேவையைச் சொல்ல முன்வருவதும் மிகுதியாயிற்று.

2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. அத்தகைய குழுவினருக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் சில செய்முறைக் குறிப்புகளைக் கூறுவோம்.

நீர் எடுக்குமுன் பம்பைச் சில நிமிடங்கள் அடித்துக் குழாயில் தங்கிய பழைய நீரை வெளியேற்ற வேண்டும். புட்டியை அதே நீரால் மும்முறை அலம்ப வேண்டும். கிணற்றின் ஆழத்தை அதனை இறக்கிய மேஸ்திரியிடமோ வீட்டாரிடமோ கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்; ஆழம் தெரிந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பற்றி ஊகிக்க உதவும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், ஒருவருக்கு இருவராகப் பார்த்து, முதலில் தனித்தனியே எழுதிப் பின் ஒப்பிட வேண்டும். இருவர் கண்ணும் வேறுபட்டால் அந்த நீர் பரிசோதனைச் சாலைக்குச் செல்ல வேண்டும். மற்றவற்றிலும் பத்தில் ஒன்றையேனும் அங்கே அனுப்பினால் பெட்டியின் தவறு எவ்வளவு என்பது அவ்வப்போது தெரியும். நல்லது என்று அறிந்த கிணற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும்.

வண்ணத்தை மட்டும் நம்பலாகாது. பங்களாதேசத்தில் பூசிய சிவப்பும் பச்சையும் சில ஆண்டுகளில் மங்கிப் போயின. அதன்பின் இறக்கிய எண்ணற்ற கிணறுகளுக்கு வண்ணமே பூசப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு பம்புக்கும் எண் வெட்டிய தகடு ஒன்றைக் கம்பியால் கட்டி, அந்த எண்ணைக் கொண்டு பதிவேடு வைப்பது நலம். பதிவேடு இரு படிகளாக இருக்கட்டும். ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில், மற்றொன்று குழுவினரிடம். கிணற்றின் எண், தேதி, ஆழம், பெட்டி காட்டிய அளவு, சாலையில் கண்ட அளவு என்னும் பத்திகளோடு, யாரிடம் என்று தெரிவிக்கப்பட்டது, என்ன விடை வந்தது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் அதிலேயே இருக்க வேண்டும். மேற்கு வங்காளத்தில் கிராம சன்சத்தும், தமிழ் நாட்டில் கிராம சபையும் கூடும் நாளில், அக்கடைசிப் பத்தி காலியாயுள்ள எண்களை மட்டும், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி, குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் உரக்கப் படிக்கலாம்.